கட்டிலுக்கு அந்தப் பக்கம்

அத்தியாயம் 17

வெள்ளைக் குறிகள் மொத்தம் ஏழு. மாப்பிள்ளை மூன்று தடவை எண்ணிவிட்டான். மூன்று தடவையும் ஏழுதான் வந்தது.

நேற்று சாயங்காலம் பேஸ்மென்ட் விளக்கை அணைக்கப் போனபோதுதான் அவை அவன் கண்ணில் பட்டன. யாருக்கு எங்கே ப்ளக் பாயிண்ட் வேண்டுமோ அவரவர் அங்கே சுவருக்காக நிறுத்தியிருந்த மரச்சட்டத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும் என்பது மாமனாரின் உத்தரவு. மாமனாருக்கு நீலம். மகள் பாப்பாவுக்கு, அதாவது மாப்பிள்ளையின் மனைவிக்கு, மஞ்சள். மாமியார், "எனக்கென்ன வேணும், ஒண்ணும் வேண்டாம்" என்று சாக்பீஸையே கையில் வாங்கவில்லை.

வெள்ளை யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

அதுவும் குறிகள் இருந்தது பின்பக்கத்து ஸ்டோர் ரூமில். தட்டுமுட்டுச் சாமான் போடப் போகிற அறைக்கு எதற்கு ஏழு பாயிண்ட்?

இப்போது மணி காலை ஏழு. சாயங்காலம் நாலு மணிக்கு மின் ஆய்வாளர் வருகிறார். நாளைக் காலை ஒன்பதுக்குச் சுவர்ப் பலகை அடிக்கிற ஆட்கள் வருகிறார்கள். பலகை ஏறிவிட்டால் உள்ளே போன வயர் உள்ளே போனதுதான். அதற்குள் ஆய்வாளர் கையெழுத்துப் போட்டாக வேண்டும். போடவில்லையென்றால் மாமனார் தன் பழைய பஸ் டிப்போ எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிடுவார். பன்னிரண்டு வருஷமாக ஊரில் உள்ள வீட்டுக்கெல்லாம் வயர் இழுத்த மாப்பிள்ளைக்கு, மாமனார் வீட்டுப் பரீட்சை மட்டும் இன்னும் முடிந்தபாடில்லை.

குனிந்து முதல் குறியை உற்றுப் பார்த்தான்.

சாதாரண சாக்பீஸ் கோடு தடியாக, பொடி உதிர்ந்து இருக்கும். இது கத்தியால் கீறினாற்போல மெல்லிசாக இருந்தது. விரலால் தேய்த்தான். வழுவழுப்பு.

தையல் சாக்பீஸ்!

இந்த வீட்டில் அது ஒருவரிடம்தான் உண்டு. முன்னறையில் ஊரார் சட்டைக்கு அளவு குறைத்து, பாவாடைக்கு விளிம்பு மடித்துக் கொடுக்கும் மாமியாரிடம்.

மாப்பிள்ளை கீழே உட்கார்ந்துகொண்டான். ஒரு சுவரில் எந்த உயரத்தில் எத்தனை பாயிண்ட் இருக்கிறது என்று பார்த்தாலே, அங்கே என்ன நடக்கப் போகிறது என்று சொல்லிவிடுவான் அவன். அது தொழில் கொடுத்த கண்.

மேடை உயரத்தில் ஒன்று: கெட்டில். அதன் பக்கத்தில் தரையோரம் ஒன்று: சின்ன ஃபிரிட்ஜ். ஜன்னலுக்குக் கீழே ஒன்று: ஹீட்டர். எதிர்ச் சுவரில் ஒன்று: டி.வி. நெஞ்சு உயரத்தில் ஒன்று: கண்ணாடிக்கு மேல் விளக்கு. மூலையில் ஒன்று: தையல் மெஷின்.

ஏழாவது, நீளச் சுவரில் முழங்கால் உயரத்தில். இரண்டு செங்கல்லை வைத்துக் கட்டில் எங்கே வரும் என்றுகூட அடையாளம் காட்டியிருந்தது. கட்டில் ஓரத்து விளக்குக்கான பாயிண்ட் அது.

ஒரு பக்கம் மட்டும். மறுபக்கத்தில் ஒன்றுமே இல்லை.

மாப்பிள்ளைக்கு விஷயம் விளங்கிவிட்டது. போன மாதம் அந்த அறைக்குப் பெரிய ஜன்னல் வேண்டும் என்று மாமியார் ஒற்றைக் காலில் நின்றதும், "பழைய துணிக்கும் காத்து வேணாமா?" என்று கேட்டதும் இப்போதுதான் புரிந்தது. இது ஸ்டோர் ரூம் இல்லை. ஒரே ஒருத்தர் குடியிருக்கிற வீடு.

அத்தை மாமாவை விட்டுக் கீழே குடிவரப் போகிறார்!

"மாப்ளே!"

மாடிப்படியில் மாமனாரின் குரல். அவன் சட்டென்று எழுந்ததில் தலை குறுக்குச் சட்டத்தில் மோதி, ஏழு நட்சத்திரம் தெரிந்தது. அவற்றையும் எண்ணத் தோன்றியது.

மாமனார் முப்பத்தாறு வருஷம் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். நூற்றெழுபது பஸ்களை நிமிஷம் பிசகாமல் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு அவர் ஆசை ஒன்றுதான்: பேஸ்மென்ட்டில் பெரிய மேஜை போட்டு, அதன்மேல் பொம்மை ரயில்கள் விட வேண்டும். மேஜையைச் சுற்றிப் பதினாலு பாயிண்ட். அதற்குத் தனி லைன். "எனக்குன்னு தனி லைன்" என்று பக்கத்து வீட்டிலும் எதிர்வீட்டிலும் சொல்லியாகிவிட்டது.

கையில் ஒரு பெரிய தாளோடு இறங்கி வந்தார்.

"மெயின் பாக்ஸ்ல எத்தனை டிரிப்பருக்கு இடம் இருக்குன்னு சொன்னீங்க?"

"ஆறு, மாமா. அதாவது இங்க ஆறு லைன்தான் போட முடியும்."

"நூத்தியெழுபது வண்டிக்கு என் டிப்போல ஒன்பது நடைமேடைதான். ஓட்டலையா? எல்லாம் நேரம் பிரிக்கறதுல இருக்கு." தாளை விரித்தார். "ராத்திரி உட்காந்து போட்டேன்."

மாப்பிள்ளை பார்த்தான். கட்டம் கட்டிய அட்டவணை. பாயிண்ட் எண், கருவி, புறப்பாடு, நிறுத்தம், பொறுப்பாளர்.

"வாஷிங் மெஷின் புறப்பாடு எட்டு அஞ்சு. பொறுப்பாளர் பாப்பா. ஒன்பது பத்துக்கு நிறுத்தம். அதுக்கப்புறம்தான் இஸ்திரிப் பெட்டி. ஒரே நேரத்துல ரெண்டு கிளம்பாது. டிரிப் ஆகவும் ஆகாது. எப்படி?"

"மாமா, பாயிண்ட்டை டைம் பார்த்துப் போட மாட்டாங்க. ஒரு லைன் எவ்வளவு கரண்ட் தாங்கும்னு பார்த்துத்தான் போடுவாங்க. கெட்டில் ஓடும்போதே ஒருத்தருக்குக் குளிரினா ஹீட்டரைப் போடத்தானே செய்வாங்க?"

"ஏன் போடணும்? கெட்டில் ஆறு நாப்பது. ஹீட்டர் ஆறு அம்பது."

"குளிர்ற மனுஷன் பத்து நிமிஷம் காத்துக்கிட்டு இருப்பானா?"

"மழைல முந்நூறு பேர் காத்துக்கிட்டு இருந்தாங்க மாப்ளே, என் வண்டிக்கு!" பெருமையாகச் சொன்ன மாமனார் சட்டென்று நிறுத்தினார். "ஆமா, கெட்டில் எங்க வந்துச்சு இங்க?"

மாப்பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டான். மாமனாரின் பார்வை அறைக்குள் போய் வெள்ளைக் குறியில் இடித்து நின்றது. அடுத்ததற்குத் தாவியது. உதடு அசைந்தது. எண்ணுகிறார்.

"ஏழு பாயிண்ட். என் கணக்குல இல்லாத ஏழு. இதுக்கெல்லாம் யார் பொறுப்பாளர்?"

"அது... எதிர்காலத்துக்கு மாமா. பின்னால தேவைப்படலாம்னு."

"எதிர்காலம்." மாமனார் பேனாவைத் திறந்தார். "புறப்பாடு எத்தனை மணிக்கு?"

*

முன்னறையில் மாமியார் யாரோ ஒருவரின் கால்சட்டையை மேஜைமேல் கிடத்திக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தார். வாயில் இன்னும் நாலு குண்டூசி.

மாப்பிள்ளை கதவைச் சாத்தினான்.

"அத்தை, ஹீட்டருக்குத் தனி லைன் வேணும். கெட்டிலும் ஃபிரிட்ஜும் சேர்ந்து ஒரு லைன். அதைக் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

மாமியார் ஒவ்வொரு குண்டூசியாக எடுத்து வைத்தார். நிதானமாக நிமிர்ந்தார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்குத் தெரியும். மாமாகிட்ட எதிர்காலம்னு சொல்லி வச்சிருக்கேன்."

"நம்பினாரா?"

"அட்டவணைல ஏத்திட்டார்."

மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும் முகம் மாறியது.

"மாமாவோட ஏதாவது சண்டையா அத்தை?"

"சண்டைக்கு ஏது நேரம்? அவர் அட்டவணைல அதுக்கு இடமே இல்லையே." கால்சட்டையை நீவிவிட்டார். "முப்பத்திநாலு வருஷம் மாப்பிள்ளை. அஞ்சேகாலுக்கு அலாரம். அஞ்சு இருபதுக்கு ஜன்னல். ஒன்பது நாப்பதுக்கு விளக்கு அணைக்கணும், புஸ்தகத்துல பாதி வரில இருந்தாலும் சரி. ரிட்டயர் ஆனா நிக்கும்னு நெனச்சேன். நூத்தியெழுபது வண்டிக்குப் போட்ட டைம் மொத்தமும் எனக்கு ஒருத்திக்கு வந்து சேர்ந்துச்சு."

மேஜையிலிருந்து நழுவிய குண்டூசியை மாப்பிள்ளை குனிந்து எடுத்துக் கொடுத்தான்.

"நல்ல மனுஷன்தான். கோபப்பட மாட்டார், கை நீட்ட மாட்டார். லேட்டாகவும் மாட்டார். அதான் பிரச்சினையே. எனக்கு ஒரு ரூம் வேணும். அதுல மணி என்னன்னு யாரும் கேக்கக் கூடாது."

"பாப்பாகிட்டயாவது..."

"அவளுக்குத் தெரிஞ்சா அழுவா. அவருக்குத் தெரிஞ்சா அந்த ஏழு பாயிண்ட்டுக்கும் டைம் போட்டுடுவார். பலகை அடிச்சு முடியட்டும். அப்புறம் நானே சொல்றேன். அதுவரைக்கும் மூச்சு விடாதீங்க." ஒரு குண்டூசியை எடுத்தார். "முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. உங்களை வற்புறுத்தலை."

கல்யாணமான இந்த மூன்று வருஷத்தில் இந்த வீட்டில் அவனை யாரும் எதையும் நம்பிக் கேட்டதில்லை.

"போட்டுடறேன் அத்தை" என்றான்.

சொல்லிவிட்டான். படி இறங்கும்போதுதான் கணக்கு உதைத்தது. தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஒன்று, வாஷிங் மெஷின் இரண்டு, விளக்குகள் மூன்று, பொதுப் பாயிண்ட்கள் நான்கு. மிச்சம் இரண்டே இடம். அத்தையின் மேடைக்கு ஒன்று, ஹீட்டருக்கு ஒன்று.

அப்படியானால் மாமனாரின் தனி லைன்?

அந்தப் பொம்மை ரயில்கள் அத்தனையும் சேர்ந்து ஓடினாலும் ஒரு கெட்டிலில் பாதி கரண்ட் இழுக்காது. பொது லைனில் சேர்த்துவிட்டால் ஒரு ஆபத்தும் இல்லை. கரண்ட்டுக்கு ஆபத்தில்லை, மாப்பிள்ளைக்குத்தான்.

*

மத்தியானம் மனைவி சாப்பாட்டுத் தட்டோடு கீழே வந்தாள். மருந்துக்கடை வேலைக்கு இன்று விடுப்பு. ஏணிமேல் நின்றவனை அண்ணாந்து பார்த்தாள்.

"என்கிட்ட எதை மறைக்கிறீங்க?"

"ஒண்ணுமில்லையே!"

"காது செவந்திருக்கு."

"சட்டத்துல இடிச்சுக்கிட்டேன்."

"இடிச்சது தலை. செவந்தது காது. வயர் பத்தலையா? அப்பாகிட்ட சொல்லப் பயந்துகிட்டு இருக்கீங்களா?"

"ஆமா" என்றான். கிடைத்த கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"இதுக்கா இவ்வளவு? நான் போய் வாங்கிட்டு வரேன்." போயே விட்டாள். தேவையே இல்லாத ஒரு சுருள் வயர் அரைமணியில் வந்து சேர்ந்தது.

வேலை பறந்தது. பாயிண்ட்டுக்கான பெட்டிகளை அடித்தான், சட்டத்தில் ஓட்டை போட்டான், வயர் இழுத்தான். மூன்றரைக்கு ஏழாவது பெட்டியும் உட்கார்ந்துவிட்டது. ஒரே ஒரு காலிப் பெட்டி மிச்சம். மெயின் பாக்ஸ் கதவின் உட்புறத்தில், எந்த டிரிப்பர் எதற்கு என்று எழுதும் தாளை ஒட்டினான். நான்கு வரை எழுதினான். ஐந்துக்கும் ஆறுக்கும் நேராக 'எதிர்காலம்', 'எதிர்காலம்' என்று எழுதிவிட்டுப் பெருமூச்சு விட்டான்.

நாலு மணிக்கு வாசல் மணி அடித்தது.

"மூணு அம்பத்தொன்பது" என்றார் மாமனார், மனம் குளிர்ந்து.

ஆய்வாளர் ஒரு குட்டையான அம்மா. இடுப்பில் அளவு டேப், கையில் டார்ச், முகத்தில் எதுவுமே இல்லை. குடும்பம் மொத்தமும் அவருக்குப் பின்னால் ஊர்வலமாக இறங்கியது. மாமியார் கடைசியில், கழுத்தில் தொங்கும் தையல் டேப்போடு.

ஆய்வாளர் மெயின் பாக்ஸைத் திறந்து தாளைச் சத்தமாகப் படித்தார்.

"ஒண்ணு, தண்ணி மோட்டார். ரெண்டு, வாஷிங் மெஷின். மூணு, விளக்கு. நாலு, பொதுப் பாயிண்ட்கள், ரயில் மேஜை உட்பட."

"உட்படவா?" மாமனார் குரல் கிறீச்சிட்டது. "மாப்ளே, என் தனி லைன் எங்க?"

"மாமா, அப்புறம் சொல்றேன்..."

"அஞ்சு, எதிர்காலம். ஆறு, எதிர்காலம்." ஆய்வாளர் திரும்பினார். "எதிர்காலம்னு ஒரு கருவி எனக்குத் தெரிஞ்சு இல்லை. வயர் ஓடியிருக்கு, பெட்டி உட்காந்திருக்கு. என்ன ஓடப் போகுதோ அதை எழுதுங்க. நாளைக்குத் தீப்பிடிச்சா வர்றவங்க இதைப் பார்த்துத்தான் அணைக்கணும்."

மாப்பிள்ளையின் கையில் பேனா. எழுதினால் அத்தை மாட்டிக்கொள்வார். எழுதாவிட்டால் கையெழுத்து இல்லை. காது இரண்டும் கொதித்தன.

"எழுதுங்க மாப்பிள்ளை."

மாமியார்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அஞ்சு, கெட்டில், ஃபிரிட்ஜ். ஆறு, படுக்கையறை ஹீட்டர்."

எழுதினான். பேனா நகர்கிற சத்தம் கேட்டது.

"படுக்கையறையா?" மாமனார் தன் தாளைப் புரட்டினார். "ஸ்டோர் ரூம்தானே இருக்கு இதுல. யாருக்குப் படுக்கையறை?"

"எனக்கு."

"உனக்குத்தான் மேல ஒண்ணு இருக்கே."

"அது உங்க டிப்போ. நான் அதுல ஒரு வண்டி."

"அம்மா!" என்றாள் மகள். புருஷனைப் பார்த்தாள். "வயர் பத்தலைன்னீங்க?"

"கொஞ்சம் நகர்ந்து நின்னு பேசுங்க" என்றார் ஆய்வாளர். "சுவரை அளக்கணும்."

நாலு பேரும் நகர்ந்தார்கள். ஆய்வாளர் நீளச் சுவரோடு டேப்பை இழுத்துக்கொண்டே போனார். பதினாலடிச் சுவர். இந்த முனையிலிருந்து மூன்றாவது அடியில் கட்டிலோரப் பாயிண்ட். அங்கிருந்து ஆறடி அளந்தார். நின்றார். மீதிச் சுவரில் டார்ச் அடித்தார்.

"குடியிருக்கிற ரூம்ல, சுவருல எங்க நின்னாலும் ஆறடிக்குள்ள ஒரு பாயிண்ட் கையில கிடைக்கணும். இல்லேன்னா ஜனங்க நீட்டு வயர் இழுத்துப் போட்டு, அதுல தடுக்கி விழுவாங்க. இங்க ஒண்ணு குறையுது. கட்டிலுக்கு அந்தப் பக்கம்."

மாப்பிள்ளைக்குச் சுரீர் என்றது. ஸ்டோர் ரூம் ஸ்டோர் ரூம் என்று சொல்லிச் சொல்லி, இதை அளக்கவே மறந்துவிட்டான்!

"எனக்கு ஒரு பக்கம் போதுங்க" என்றார் மாமியார்.

"உங்களுக்குப் போதும்மா. சுவருக்குப் போதாது." சிவப்புச் சீட்டு ஒன்றைக் கிழித்து மாப்பிள்ளையிடம் நீட்டினார். "மத்ததெல்லாம் சுத்தமா இருக்கு. வேலை தெரிஞ்ச கை. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வரேன். அந்த ஒண்ணைப் போட்டு வைங்க, கையெழுத்துப் போட்டுடறேன்."

படியேறிப் போய்விட்டார்.

மாமியார் மகளின் தோளைப் பிடித்து மேலே அழைத்துப் போனார். யார் யாரைத் தாங்கிப் போனார்கள் என்று சொல்ல முடியவில்லை. மாமனார் ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். அட்டவணையை மடிமேல் விரித்தார். கடைசியில் ஒரு புது வரி சேர்த்தார். கருவி என்ற கட்டத்தில் 'விளக்கு' என்று எழுதினார். புறப்பாடு என்ற கட்டத்துக்கு மேல் பேனா நின்றது. நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

அஞ்சு பத்து ஆயிற்று. அது அவருடைய டீ நேரம். மாமனார் எழுந்திருக்கவில்லை.

"அவ எத்தனை மணிக்குப் படிப்பா, மாப்ளே?" என்றார் கடைசியில். "புஸ்தகம்."

"தெரியலை மாமா. அதுக்கு மணி கிடையாதுன்னு நினைக்கிறேன்."

மாமனார் தலையாட்டினார். பேனாவை மூடினார். கட்டத்தைக் காலியாகவே விட்டார். அப்புறம் பையிலிருந்து நீலச் சாக்பீஸை எடுத்துப் போய், செங்கல் அடையாளத்துக்கு அந்தப் பக்கம், படுத்தபடியே கை நீட்டினால் எட்டுகிற இடத்தில், ஒரு பெருக்கல் குறி போட்டார். மேலே போனார். தனி லைனைப் பற்றிக் கேட்கவே இல்லை.

பத்து நிமிஷம் கழித்து மாமியார் வந்தார். நீலக் குறியின் முன்னால் நின்றார். கழுத்திலிருந்த டேப்பை எடுத்து, கட்டில் விளிம்புக்கு வைத்த செங்கல்லிலிருந்து குறிவரை அளந்தார்.

"கை எட்டுற தூரம்" என்றார், தனக்குத்தானே. கொஞ்ச நேரம் டேப்பைப் பிடித்தபடியே நின்றார்.

அப்புறம் நேராகச் சுவரின் கடைக்கோடி மூலைக்குப் போனார். தையல் சாக்பீஸால் அங்கே மெல்லிசாக ஒரு வெள்ளைக் குறி கீறினார்.

"இங்க போட்டாலும் அந்த அம்மா ஒத்துக்குவாங்களா மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை அளந்து பார்த்தான். அங்கிருந்து இந்தப் பக்கம் ஆறடி, இங்கிருந்து அந்தப் பக்கம் ஆறடி. இடையில் ஓட்டையே இல்லை.

"ஒத்துக்குவாங்க அத்தை. ரெண்டுமே சரிதான்."

"நீலத்தை அழிக்கலை நான்" என்றார் மாமியார். "அதையும் பார்த்துக்கங்க." போய்விட்டார்.

ஒரு சுவர். இரண்டு குறி. நீலம் என்றால் இரண்டு பேர் கட்டில், வெள்ளை என்றால் ஒருத்தர் கட்டில். கையில் மிச்சம் ஒரே ஒரு பெட்டி; கடையும் அஞ்சு மணிக்கே மூடியாயிற்று.

படியில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அழுதிருந்தாள், ஆனாலும் குரலில் பழைய கூர்மை.

"எதுல போடப் போறீங்க?"

"தெரியலை."

"பொய். காது செவந்திருக்கு."

மாப்பிள்ளை டிரில்லைத் தூக்கினான். பேஸ்மென்ட் கூரைக்கு மேலே, சமையலறையில் ஒரு ஜோடிக் கால்கள் நடந்துகொண்டிருந்தன. முன்னறையில் இன்னொரு ஜோடி. சுவரோரமாக அவன் இரண்டடி நகர்ந்து, நின்று, விசையில் விரலை வைத்தான்.

மேலே இரண்டு ஜோடிக் காலடிகளும் ஒரே நேரத்தில் நின்றன.